சளியும் வைட்டமின் டி-யும்: என் பழைய குறிப்பைத் திருத்துகிறேன்

2021 கடைசியில் இங்கே ஒரு குறிப்பு எழுதினேன். குழந்தைகளுக்குத் தினமும் கொஞ்சம் வைட்டமின் டி கொடுத்தால் சளி, இருமல், நெஞ்சுச் சளி எல்லாம் 30 சதவீதம் குறையும் என்பது அதன் சாரம். அந்த வருடம் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த பெரிய தொகுப்பாய்வை வைத்து எழுதியது. நிறையப் பேர் வாட்ஸ்அப்பில் பகிர்ந்தார்கள். அதில் என் தங்கையும் ஒருத்தி.

தங்கை திருமங்கலத்தில் இருக்கிறாள். பையனுக்கு நாலு வயது. போன ஐப்பசியில் ஆரம்பித்து மார்கழிக்குள் மூன்று தடவை சளி பிடித்துவிட்டது. ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் டி 14 நானோகிராம். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ‘குறைவு’. வாரத்துக்கு ஒரு 60,000 யூனிட் பவுடர் பாக்கெட், எட்டு வாரம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஐந்து பாக்கெட் முடிந்திருந்தது. தைப் பொங்கல் கழிந்த வாரத்தில் மறுபடி காய்ச்சல். இந்தத் தடவை மூச்சும் வாங்கியது. இரண்டு நாள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் ராத்திரி பையனின் விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்து விழுந்து எழுவதைப் பார்த்த அவள் மாமியார்தான் சத்தம் போட்டு ஆட்டோ பிடிக்க வைத்தார். நிமோனியா. ஐந்து நாள் ஆஸ்பத்திரி, அதில் ஒன்றரை நாள் ஆக்சிஜன். இப்போது பையன் நன்றாக ஓடி விளையாடுகிறான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டேன், “ஏம்மா ரெண்டு நாள் வச்சுப் பாத்தே?” என்று.

“இல்லண்ணே, அதான் அஞ்சு பாக்கெட் குடுத்தாச்சே. நீயும் எழுதியிருந்தியே. இனிமே பெருசா ஒண்ணும் வராதுன்னு இருந்துட்டேன்” என்றாள்.

அந்த ‘நீயும் எழுதியிருந்தியே’தான் இதை எழுத வைத்தது. வீட்டுக்கு வந்து பழைய குறிப்பை எடுத்துப் படித்தேன். அதில் பொய் என்று எதுவும் இல்லை. ஆனால் கேள்வியையே தப்பாகக் கேட்டிருக்கிறேன்.

சந்தேகம் வந்த வழி

வைட்டமின் டி-க்கும் நுரையீரலுக்கும் முடிச்சுப் போட்டது யாரோ மருந்து விற்கிறவர் அல்ல. எத்தியோப்பியாவில் 1997-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. நிமோனியா வந்த 500 குழந்தைகளையும் வராத 500 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். நிமோனியா வந்தவர்களிடம் ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு மெலிந்து கால் வளைகிற நோய், பல மடங்கு அதிகம். மற்ற காரணங்களைக் கழித்த பிறகும் 13 மடங்கு. விலா எலும்பு உறுதியாக இல்லாத பிள்ளையால் சளியை இருமி வெளியே தள்ள முடியாது. இது புரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான்.

அடுத்தது இந்தூர், 2004. அங்கே ரிக்கெட்ஸ் வெளியே தெரியாத, ஐந்து வயதுக்குட்பட்ட 150 பிள்ளைகள். கடுமையான நெஞ்சுச் சளியோடு வந்தவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்தது. 2006-ல் நம் வெள்ளணுக்கள் வைட்டமின் டி உதவியால் கிருமிகொல்லிப் புரதம் ஒன்றைச் சுரக்கின்றன என்பதும் தெரிந்தது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிற மாதிரி இருந்தது.

நான் முதலில் தவறியது இந்த இடத்தில். நோயாளிப் பிள்ளையின் ரத்தத்தில் ஒரு சத்து குறைவாக இருப்பதால், அந்தக் குறைவுதான் நோயைக் கொண்டுவந்தது என்று ஆகிவிடாது. உடம்பில் அழற்சி இருக்கும்போது ரத்தத்தில் வைட்டமின் டி அளவு தானாகவே இறங்கும். அடிக்கடி நோய்வாய்ப்படுகிற பிள்ளை வெளியே போய் விளையாடாது, வெயில் படாது, சரியாகச் சாப்பிடாது. நெரிசலான, புகை மண்டிய ஒற்றை அறை வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு வெயிலும் குறைவு, சளியும் அதிகம். எது காரணம், எது விளைவு என்பது ரத்தப் பரிசோதனையில் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே இருக்கிற வெறும் பொருளும் கொடுத்துப் பார்ப்பதுதான்.

கொடுத்துப் பார்த்தபோது

காபூலில் கொடுத்தார்கள். 3,046 கைக்குழந்தைகள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு லட்சம் யூனிட், ஒன்றரை வருடம். 2012-ல் முடிவு வந்தது. முதல் நிமோனியா வந்த வேகம் மருந்து கொடுத்த பக்கம் பிள்ளைக்கு வருடத்துக்கு 0.145, கொடுக்காத பக்கம் 0.137. பலன் இல்லை. ஒரு தடவை வந்தவர்களுக்குத் திரும்ப நிமோனியா வருவது மருந்து கொடுத்த பக்கம் கூடுதலாகவே இருந்தது.

டெல்லியில் கொடுத்தார்கள். எடை குறைவாகப் பிறந்த 2,079 குழந்தைகள். இங்கே பெரிய டோஸ் இல்லை, வாரம் 1,400 யூனிட், ஆறு மாதம். 2011-ல் வெளிவந்த முடிவு: இறப்பிலும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதிலும் வித்தியாசம் இல்லை. ஆனால் வளர்த்தி கொஞ்சம் நன்றாக இருந்தது. இன்னொரு டெல்லி ஆய்வில் கடுமையான நிமோனியாவோடு வந்த 324 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஒரே தடவையாக ஒரு லட்சம் யூனிட் கொடுத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட சீக்கிரம் தேறவில்லை.

டொரண்டோவில் 703 சின்னப் பிள்ளைகளுக்குப் பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட், பாதிப் பேருக்கு 400. ஒரு குளிர்காலத்தில் ஒரு பிள்ளைக்கு வந்த சளி 1.05, 1.03. ஐந்து மடங்கு அதிகம் கொடுத்தும் சளிக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மங்கோலியாவில் 247 பள்ளிப் பிள்ளைகளுக்குப் பனிக்காலத்தில் பாலில் 300 யூனிட் கலந்து கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் பெற்றோர் சொன்ன சளி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. ஜப்பானில் தினம் 1,200 யூனிட் சாப்பிட்ட 167 பிள்ளைகளில் 18 பேருக்கு இன்ஃப்ளுயன்சா ஏ; சாப்பிடாத 167 பேரில் 31 பேருக்கு. இன்ஃப்ளுயன்சா பி-யில் அந்தப் பலன் தெரியவில்லை.

மங்கோலியப் பிள்ளைகளின் ஆரம்ப அளவு சுமார் 7 நானோகிராம். வெறும் கிணற்றில் ஊற்றிய தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது. ஏற்கெனவே அரைக் கிணறு தண்ணீர் இருந்தால் நாலு குடம் ஊற்றினாலும் தெரியாது.

இப்போது நான் நம்பி எழுதிய தொகுப்பாய்வுக்கு வருகிறேன். 2017-ல் அதன் முதல் வடிவம் வந்தது. 25 ஆய்வுகள், 11,321 பேர். சளி வரும் சாத்தியம் 0.88 ஆகக் குறைகிறது என்றார்கள். 2021-ல் ஆய்வுகள் கூடின, எண் 0.92 ஆனது. 2025-ல் இன்னும் கூடின, 61,000-க்கு மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தால் 0.94. அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்க வேண்டிய எல்லைக்கு வந்துவிட்டது. எந்த வயதுக்கு, எந்த அளவில், எப்படிக் கொடுத்தால் பலன் என்ற உட்பிரிவு வித்தியாசங்களும் தெளிவாக நிற்கவில்லை.

நான் எழுதிய ‘30 சதவீதம்’ எங்கிருந்து வந்தது? 2021 தொகுப்பில் 1 முதல் 15 வயதுப் பிரிவில் வந்த 0.71 என்ற எண்ணை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். இரண்டு தப்பு. ஒன்று, பல உட்பிரிவுகளில் நன்றாக இருந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்தது. இன்னொன்று, 0.71 என்பது சாத்திய விகிதம். அதைக் கழித்து ‘இத்தனை சதவீதம் பேருக்கு வராது’ என்று சொல்லக் கூடாது. அதே ஆய்வில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், மருந்து சாப்பிடாதவர்களில் 100-க்கு 62.3 பேருக்குச் சளி வந்தது, சாப்பிட்டவர்களில் 61.3 பேருக்கு. நூற்றுக்கு ஒருத்தர். இதை அப்படியே எழுதியிருந்தால் யாரும் பகிர்ந்திருக்க மாட்டார்கள்.

இதே கேள்வி மதுரையில்

இதையெல்லாம் படிக்கும்போது, ஒரு வைட்டமின் குழந்தையைத் தொற்றிலிருந்து காப்பாற்றுமா என்ற கேள்வியை நம்ம ஊர்க்காரர்கள் 35 வருடம் முன்பே கேட்டது ஞாபகம் வந்தது. அவர்கள் எடுத்தது டி அல்ல, ஏ.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அந்தக் காலத்தில் மாலைக்கண், கண்ணில் வெண்படலம் என்று பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். வைட்டமின் ஏ பற்றாக்குறை. 1986-ல் சுமத்ராவின் ஆச்சே பகுதியில் நடந்த ஆய்வு, வைட்டமின் ஏ கொடுத்தால் பார்வை மட்டுமல்ல, உயிரும் தப்புகிறது என்று சொல்லியிருந்தது. பலர் நம்பவில்லை. டாக்டர் ரஹ்மதுல்லா, துளசிராஜ் உள்ளிட்ட அரவிந்த் குழுவினர் திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அரசு ஊற்றும் 2 லட்சம் யூனிட்டுக்குப் பதிலாக, வாரா வாரம் 8,333 யூனிட். 2 லட்சத்தை 24 வாரமாகப் பிரித்தால் வருகிற அளவு அது. சாப்பாட்டில் கீரையும் பாலும் சேர்ந்தால் உடம்புக்குக் கிடைக்கக்கூடிய மாதிரி சின்ன அளவு. இரண்டு தரப்புக்கும் வைட்டமின் இ உண்டு. ஒரு தரப்புக்கு மட்டும் ஏ. தொண்டர்கள் வாரந்தோறும் வீடு வீடாகப் போனார்கள்.

1990-ல் முடிவு வந்தது. ஒரு வருடத்தில் விபத்து நீங்கலாக 117 பிள்ளைகள் இறந்திருந்தார்கள். வைட்டமின் ஏ கிடைத்த தரப்பில் இறப்பு 54 சதவீதம் குறைவு. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கும், நீண்ட நாள் சத்துக்குறைவால் வளர்த்தி குன்றியவர்களுக்கும் பலன் அதிகம்.

இது பலருக்குத் தெரியும். 1991-ல் அதே குழு வெளியிட்ட இரண்டாவது கட்டுரையை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதே பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் சளி இருமலும் எத்தனை தடவை வந்தன, எத்தனை நாள் நீடித்தன என்று வாரா வாரம் கேட்டு எழுதிய கணக்கு அது. இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை!

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஊர், ஒரே பிள்ளைகள், ஒரே மருந்து. ‘சளி குறையுமா?’ என்று கேட்டால் குறையாது. ‘பிள்ளை பிழைக்குமா?’ என்று கேட்டால் பிழைக்கும். பின்னால் தமிழகத்தின் இரண்டு மாவட்டங்களில் 11,619 பச்சிளம் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தபோதும் 2003-ல் இறப்பு 22 சதவீதம் குறைந்திருந்தது. 2007-ல் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். நோய் வருவது குறையவில்லை. வந்த நோயில் சாவது குறைந்திருந்தது.

இதையும் தலையில் தூக்கிவைத்து ஆடக் கூடாது. உத்தரப்பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில் வைட்டமின் ஏ-யின் பலன் 4 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. பச்சிளம் குழந்தைகளுக்குக் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. பிள்ளைகளுக்குக் குறை எவ்வளவு, எப்படிக் கொடுத்தார்கள், எதை அளந்தார்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறுகிறது.

ஏ-க்கு நடந்தது டி-க்கும் நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அது இன்னொரு தப்பாகிவிடும். அரவிந்த் குழுவிடமிருந்து நான் கற்றுக்கொள்ள வேண்டியது, இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டதும், பெருமை தராத பதிலையும் அச்சில் போட்டதும்தான். என் குறிப்பில் ‘சளி, இருமல், நெஞ்சுச் சளி’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் எழுதியிருந்தேன். மூக்கு ஒழுகுவதும் மூச்சுத் திணறுவதும் ஒன்றா? தங்கை அவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டதற்கு அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அப்போ வைட்டமின் டி வேண்டாமா?

அப்படியும் இல்லை. தேசிய அளவில் 2016–18-ல் நடந்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளில் 14 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி 12 நானோகிராமுக்குக் கீழே. அது எலும்புக்கு ஆபத்தான அளவு. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் முதல் வருடம் முழுக்க எல்லாக் குழந்தைக்கும் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறது. தாய்ப்பாலில் அது போதாது. இதில் எந்த மாற்றமும் இல்லை, கொடுங்கள்.

ஆனால் அதே சங்கம் நன்றாக இருக்கிற பிள்ளைகளுக்கு வழக்கமாக ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. 12-க்குக் கீழே குறைபாடு, 12 முதல் 20 வரை போதாமை, 20-க்கு மேல் போதும் என்பது அவர்கள் கணக்கு. பல லேப்கள் 30-ஐக் கோடாக வைத்துக்கொண்டு அதற்குக் கீழே எல்லாவற்றுக்கும் தடித்த எழுத்தில் ‘குறைவு’ போடுகின்றன. என் மருமகனின் 14 போதாமைதான், அதுவும் சளிக்கு நடுவில் எடுத்த ரத்தம். அதற்கு எட்டு பாக்கெட் என்றால் 4,80,000 யூனிட். தினத் தேவை 600 என்று வைத்தால் 800 நாள் அளவு. ரிக்கெட்ஸ் வந்த பிள்ளைக்குப் பெரிய டோஸ் கொடுப்பது மருத்துவத்தில் உள்ளதுதான். சளிக்கு அது வைத்தியம் இல்லை. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘காலை இளவெயில்’ என்று எல்லோரும் சொல்கிறோம். திருப்பதியில் நடந்த ஆய்வில் தோல் அதிகமாக வைட்டமின் டி தயாரிப்பது பகல் 11 முதல் 2 மணி வரை என்று கண்டார்கள். சுலபமான அடையாளம்: நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கிற நேரம். மதுரை வெயிலில் அரை மணி நிற்கச் சொல்லவில்லை, சித்திரையில் அது ஆகாத காரியம். ஆனால் ஏழரைக்கு வேன் ஏறி நாலு மணிக்கு வீடு வருகிற பிள்ளைக்கு மதிய இடைவேளையில் பத்து நிமிடம் மைதானத்தில் ஓட இடம் வேண்டும்.

குறிப்பில் இல்லாமல் போனவை

டிஸ்சார்ஜ் ஆன பிறகு வேறொரு குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் பையனின் மணிக்கட்டையும் காலையும் தொட்டுப் பார்த்தார். ரிக்கெட்ஸ் அறிகுறி எதுவும் இல்லை. பாக்கெட்டை நிறுத்தச் சொன்னார். நாலு வயதில் வருடத்துக்கு ஆறு முதல் எட்டு சளி வருவது சாதாரணம் என்றார். பிறகு, “தடுப்பூசி அட்டையக் குடுங்கம்மா” என்று வாங்கிப் பார்த்தார். ஒன்பதாம் மாதம் போட வேண்டிய நிமோகாக்கல் பூஸ்டர் கட்டம் காலியாக இருந்தது. அந்த மாதம் தங்கை சென்னையில் இருந்திருக்கிறாள், அப்படியே விட்டுப்போயிற்று.

எனக்குச் சுருக்கென்றது. நிமோனியாவைத் தடுப்பதில் உறுதியான சான்று உள்ள விஷயங்களில் ஒன்று அந்த ஊசி. தமிழ்நாட்டில் 2021 ஜூலையில் இலவசத் திட்டத்தில் சேர்த்தார்கள், நான் வைட்டமின் குறிப்பு எழுதிய அதே வருடம். ஹிப் கிருமிக்கான ஊசி அடங்கிய ஐந்து-நோய்த் தடுப்பூசியை 2011-லேயே நாட்டில் முதலில் தொடங்கியது கேரளாவும் தமிழ்நாடும்தான். இதில் ஒரு வரிகூட என் குறிப்பில் இல்லை. ‘அட்டையைப் பார்த்தியா?’ என்று தங்கையிடம் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

அந்த ஊசி போட்டிருந்தால் இந்த நிமோனியா வந்திருக்காது என்று சொல்ல முடியாது. எந்தக் கிருமி என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு நாள் காத்திருந்தது மட்டும் நிச்சயமாக வேண்டாத காத்திருப்பு. அதில் என் பங்கு இருக்கிறது.

ஆகவே பழைய குறிப்பின் தலையில் இதை ஒட்டியிருக்கிறேன். வைட்டமின் டி எலும்புக்கு. சளியை அது நிறுத்தும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். சளியோடு இருக்கிற பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40, அதைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தங்கை இப்போது போனில் சளி என்று சொன்னால், நான் கேட்பதற்கு முன்னாலேயே எண்ணிவிட்டுத்தான் பேசுகிறாள். நேற்று, “இருபத்தெட்டுண்ணே” என்றாள். மிச்ச மூன்று பாக்கெட்டும் ஃபிரிட்ஜ் மேலே கிடக்கிறதாம்.